தட்டக்கூடாத வீடு

எங்கள் வீட்டுக் கதவை யாரும் தட்ட மாட்டார்கள். பால்காரர் தெருவில் நின்றே குரல் கொடுப்பார். பக்கத்து வீட்டு அத்தை ஜன்னல் வழியாகக் கூப்பிடுவாள். புதிதாக வருகிற கூரியர்காரர்களுக்கு விஷயம் தெரியாது என்பதால் காலிங்பெல்லுக்குக் கீழே, பெல் மட்டும் அடிக்கவும் என்று தமிழிலும் கன்னடத்திலும் எழுதி ஒட்டியிருக்கிறோம். கரண்டு இல்லாத நேரத்தில் வந்தால் அவர்கள் பாடு.

காரணம் அப்பா. அவர் எங்கள் கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில் அடிமட்ட லெவல்களில் வேலை செய்தவர். அத்தனை ஆழத்தில் பாறை சில நேரம் அழுத்தம் தாங்காமல் வெடித்துச் சரியும். ராக் பர்ஸ்ட் என்பார்கள். வழி அடைத்துக்கொண்டால் உள்ளே சிக்கியவர்கள் கையில் கிடைத்ததை எடுத்துக் காற்றுக் குழாயில் தட்ட வேண்டும். மெதுவாக, சமமான இடைவெளி விட்டு. இந்தப் பக்கம் இருப்பவர் காதில் அது விழுந்துவிட்டால், செய்கிற வேலையை அப்படியே நிறுத்திவிட்டு, எத்தனை தட்டு கேட்டதோ அத்தனை தட்டுத் திருப்பித் தட்ட வேண்டும். கேட்டுவிட்டது என்று உள்ளே இருப்பவனுக்குத் தெரிய வேண்டுமே. அவன் மறுபடி தட்டுவான், இவர்களும் தட்டுவார்கள். யாரும் யாருக்கும் இதைப் பாடமாக எடுத்ததில்லை, ஆனால் சுரங்கத்தில் இறங்கிய அத்தனை பேருக்கும் தெரியும். சுரங்கத்தை மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அப்பாவின் கைக்கு மட்டும் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

ஏதோ ஒரு விபத்தில் அப்பா இருந்தார் என்பது வரைக்கும்தான் எங்களுக்குத் தெரியும். அம்மாவைக் கட்டுவதற்கு முன்னால் நடந்தது. "சாவப் பாத்துட்டு வந்த மனுசன். தட்டித் தொலைக்காதீங்க" என்பாள் அம்மா. அதற்கு மேல் அவளுக்கும் தெரியாது. நானும் அண்ணனும் மிச்சக் கதையை நாங்களே கட்டிக்கொண்டோம். அப்பா இருட்டில் பாறைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு தட்டித் தட்டித்தான் உயிர் பிழைத்தார், அதனால்தான் அந்தச் சத்தம் அவருக்கு ஆகாது. இதுதான் எங்கள் கதை. அவரிடம் கேட்டுப் பார்க்கிற தைரியம் இரண்டு பேருக்கும் வரவில்லை.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒரு முறை சாப்பிட உட்கார்ந்த இடத்தில், பசி தாங்காமல், கரண்டியால் தரையில் தட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அப்பா வாயருகே கொண்டுபோன சோற்றை அப்படியே தட்டில் போட்டார். எழுந்து போய்ச் சுவரில் விரல் முட்டியால் நான்கு தடவை தட்டினார். பிறகு காதைச் சுவரில் வைத்துக்கொண்டு நின்றார். அம்மா "இன்னாங்க, இன்னாங்க" என்கிறாள், அவருக்குக் காதில் விழவில்லை. முகத்தில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. எதற்கோ காத்துக்கொண்டிருந்தார். நான் கரண்டியை மடிக்குள் ஒளித்துக்கொண்டு, இனிமேல் ஒரு சத்தம் வந்தாலும் அப்பா செத்துப்போவார் என்று நினைத்துக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பயம் இன்றைக்கு வரைக்கும் என் வயிற்றில் இருக்கிறது.

இந்த வீட்டில் பிறந்துவிட்டு நான் போய்ச் சேர்ந்தது டிரம்மில். என் தலையெழுத்தா, திமிரா, தெரியவில்லை. ஆண்டர்சன்பேட்டையில் படித்த பள்ளிக்கூடத்தில் பாண்டு வாசித்தோம். கூட்டமாக அடிக்கிற மேளம் அப்பாவை ஒன்றும் செய்யாது. திருவிழா மேளத்துக்குத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆடியவர்தான். தனியாக, மெதுவாக, நடுவில் மௌனம் விட்டு வருகிற தட்டு மட்டும்தான் அவருக்கு ஆகாது. பெங்களூரில் வேலை கிடைத்து, தினமும் ரயிலில் போய் வர ஆரம்பித்த பிறகு, ஆபீஸ் சிநேகிதி ஒருத்தி அவள் வயலின் வாசிக்கிற ஆர்கெஸ்ட்ராவுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். அங்கே திம்பனி வாசிக்க ஆள் இல்லை. திம்பனி என்றால் பிரியாணி அண்டா அளவுக்குச் செம்புப் பாத்திரத்தில் தோல் கட்டிய முரசு. இரண்டு மூன்றை அரைவட்டமாக வைத்துக்கொண்டு நடுவில் நின்று வாசிக்க வேண்டும். அப்பாவுக்கு ஒரே பெருமை. "எம்பொண்ணு பெங்களூர்ல அண்டா தட்டுது" என்று டீக்கடையில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். மூச்சு வாங்குகிற உடம்போடு ரயில் ஏறி வந்து கேட்க அவரால் முடியாது. அது எனக்கு எவ்வளவு வசதி என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

போன வருஷம் எங்கள் ஆர்கெஸ்ட்ராவோடு வாசிக்க வெளிநாட்டிலிருந்து ஒரு பெரிய வயலின் கலைஞர் வந்தார். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. உலகம் முழுக்கப் பெயர். முன்வரிசையில் செல்போன் அடித்ததற்காகக் கச்சேரியைப் பாதியில் விட்டுவிட்டு இறங்கிப் போனவர் என்று அவரைப் பற்றிச் சொல்லுவார்கள். பெங்களூர்க் கச்சேரி முடிந்து ஒரு சின்ன ஊரில் இலவசமாக வாசிக்க ஆசைப்பட்டாராம். கமிட்டியில் யாரோ, கோலார் தங்கவயலில் வெள்ளைக்காரன் கட்டிய மரத்தரை போட்ட ஹால் ஒன்று இருக்கிறது, சத்தம் பிரமாதமாகக் கேட்கும் என்று கொளுத்திப் போட்டார்கள். "உங்க ஊரு! ஹேப்பியா?" என்று எல்லோரும் என் முதுகில் தட்டினார்கள். எனக்கு மட்டும் அந்த ஊர் வேண்டாம் என்றிருந்தது.

ஏனென்றால் அவர் வாசிக்கத் தேர்ந்தெடுத்த இசை முரசில்தான் தொடங்குகிறது. வேறு எந்த வாத்தியமும் கிடையாது. மெதுவாக நான்கு தட்டு. ஒரு மூச்சு விடுகிற நேரம் மௌனம். மறுபடியும் நான்கு தட்டு. அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வருவார்கள். அதை எழுதிய புண்ணியவான் எந்தச் சுரங்கத்திலும் இறங்கியிருக்க மாட்டார். ஆனால் சுரங்கத்துத் தட்டுச் சட்டம் தெரிந்தவர் மாதிரி எழுதி வைத்திருக்கிறார்.

அம்மாவிடம் போனேன். "அப்பாவக் கூட்டினு வராதம்மா."

"நீயே போய்ச் சொல்லு. வெள்ளச் சட்டைய ரெண்டு தரம் அயர்ன் பண்ணி மாட்டி வெச்சிகினு கீறாரு. பென்ஷன்காரங்களுக்கு முன்னாடி சீட்டாம். நம்ம லைன் வீடு அத்தினியும் கெளம்புது."

அப்பாவிடமும் போனேன். கூட்டமாக இருக்கும், உனக்கு மூச்சு வாங்கும் என்றேன்.

"மைன்ல வாங்காத மூச்சா? போம்மா."

"இல்லப்பா. ஆரம்பத்துல நான் ஒர்த்திதான் தட்டுவன். தனியா. மெதுவா."

அவர் என்னைப் பார்த்தார். கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "மேளம்தான?" என்று கேட்டுவிட்டுச் சவரம் செய்யக் கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

கச்சேரி அன்று காலையில் அதே ஹாலில் ஒத்திகை. முதல் நான்கு தட்டைக் கொஞ்சம் பலமாக, சாதாரண மேளம் மாதிரி அடித்துப் பார்த்தேன். அப்படி அடித்தால் அப்பாவை ஏமாற்றிவிடலாம் என்று ஒரு நப்பாசை. அந்த அம்மா வயலினை இறக்கிவிட்டு நேராக என்னிடம் நடந்து வந்தார். ஆங்கிலத்தில், மரியாதையாகத்தான் சொன்னார். இவ்வளவு சத்தம் வேண்டாம், ரொம்ப ரொம்ப ஆழத்திலிருந்து யாரோ தட்டுகிற மாதிரி இருக்க வேண்டும், கேட்கிறதா இல்லையா என்று சந்தேகம் வர வேண்டும். சரி என்று தலையாட்டினேன். வேறு என்ன செய்ய? எங்கள் கண்டக்டர், அதாவது எல்லோரையும் கைக்கோலால் நடத்துகிறவர், மூக்கு விடைக்க என்னைப் பார்த்தார். ஊர்ப் பெண் ஊரில் மானத்தை வாங்குகிறாளே என்று நினைத்திருப்பார்.

சாயங்காலம் ஹால் நிரம்பி வழிந்தது. ராபர்ட்சன்பேட்டையிலிருந்தெல்லாம் ஆட்டோ பிடித்து வந்திருந்தார்கள். மேடையில் நான் எல்லோருக்கும் பின்னால் உயரத்தில் நின்றதால் கூட்டம் முழுக்கத் தெரிந்தது. முதல் இரண்டு வரிசையும் பழைய சுரங்கத் தொழிலாளிகள். பாதிப் பேர் கையில் தடி, பாதிப் பேர் வாயில் கைக்குட்டை. நுரையீரலில் கல்தூசி ஏறிய இருமல் அங்கங்கே வெடித்துக்கொண்டிருந்தது. நடுவில் வெள்ளைச் சட்டையில் அப்பா, பக்கத்தில் அம்மா. அப்பா என்னைப் பார்த்துத் தடியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். நான் பதிலுக்குச் சிரித்தேனா என்று நினைவில்லை. பயத்தில் எனக்கு உதடே இல்லாத மாதிரி இருந்தது. இத்தனை பேருக்கு முன்னால் அவர் சுவரைத் தேடி எழுந்து போனால்? அந்த நெஞ்சு அதைத் தாங்குமா? ஊர் சிரிக்குமா? அவர் விழுந்துவிட்டால், விழ வைத்தது என் கை.

வயலினோடு அந்த அம்மா மேடைக்கு வந்து நின்றார். கைதட்டல் அடங்கியது. இருமல்கூட அடங்கியது. கண்டக்டர் என்னைப் பார்த்துக் கைக்கோலை இறக்கினார்.

நான்கு தட்டு. ஆழத்திலிருந்து.

மௌனம் முழுசாக விழுவதற்குள் அப்பாவின் தடி மரத்தரையில் தட்டியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அவர் மட்டும் இல்லை. முதல் வரிசையில் இன்னும் ஐந்தாறு தடி, இரண்டாம் வரிசையில் செருப்புக் குதிகால்கள், யாரோ ஒருவர் நாற்காலிக் கையில் முட்டியால். யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை. எல்லாம் ஒரே நேரத்தில், ஒரே வேகத்தில். மரத்தரை வழியாக அது என் காலுக்குள் ஏறியது. வயலின்காரர்களில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அடுத்து எழுதியிருந்தது இன்னும் நான்கு தட்டு. கேட்டுவிட்டது என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள், இப்போது உள்ளே இருப்பவன் மறுபடி தட்ட வேண்டும். காகிதத்தில் இருப்பதும் அதுதான். பயந்து செத்துக்கொண்டே அடித்தேன்.

அப்பா எழுந்து நின்றார். அவரோடு வரிசையே எழுந்தது. தொப்பி போட்டிருந்தவர்கள் கழற்றினார்கள். சுரங்கத்தில் தட்டுச் சத்தம் கேட்டால் அப்படித்தான் நிற்பார்களாம். மேடையில் இருந்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்? இசைக்கு மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அந்த அம்மா லேசாகத் தலை வணங்கினார். கிழவர்களில் ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பிறகு மற்ற வாத்தியங்கள் வந்தன, வயலின் வந்தது, அது இசைதான் என்று ஆகிவிட்டது. ஒவ்வொருவராக அசட்டுச் சிரிப்போடு உட்கார்ந்தார்கள். அப்பா உட்காரவில்லை. அம்மா அவர் சட்டையின் கீழ்முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அந்த இசையில் முரசு அடிக்கடி அதே நான்கு தட்டோடு திரும்பி வரும். வந்த ஒவ்வொரு தடவையும் தடி பதில் சொன்னது. வாத்தியங்களின் சத்தத்தில் அது மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. அவர் நெஞ்சு ஏறி இறங்குவது தெரிந்தது. நான் காகிதத்தைப் பார்க்கவா, கண்டக்டரைப் பார்க்கவா, அப்பாவைப் பார்க்கவா? மூன்றையும் பார்த்து மூன்றிலும் பயந்தேன்.

நடுப்பகுதி வந்தது. அங்கே எனக்கு வேலை இல்லை. வயலின் மட்டும், அடியில் மெல்லிசாக நாலைந்து தந்தி வாத்தியங்கள். அவ்வளவு அழகாக ஒருவர் வாசித்து நான் அதுவரை கேட்டதில்லை. குச்சிகளைத் தோல்மேல் வைத்துவிட்டு, அப்பாடா, இனி கொஞ்ச நேரம் தொல்லை இல்லை என்று மூச்சு விட்டேன். பிறகுதான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். சுவரில் காது வைத்து நின்ற அதே முகம். தலையைச் சாய்த்துக்கொண்டு காத்திருந்தார். வயலின் அவருக்குக் கேட்கவே இல்லை. தட்டு நின்றுபோனது மட்டும்தான் கேட்டது.

அவர் தட்டினார். நான்கு. இந்த முறை ஹால் முழுக்கக் கேட்டது. பின்வரிசையில் யாரோ "உஸ்" என்றார்கள். அந்த அம்மாவின் புருவம் ஏறியது, வில் நிற்கவில்லை. அப்பா காத்திருந்தார். மறுபடியும் தட்டினார், இன்னும் பலமாக. ஒரு அடி முன்னால் வைத்தார். உதடு நீலமாகத் தெரிந்தது. அம்மா எழுந்து அவர் தோளைப் பிடித்தாள். கண்டக்டர் திரும்பிப் பார்க்காமலே இடது கையால் அவரை உட்காரச் சொல்லிச் சைகை காட்டினார். எங்கப்பாவுக்கு! எனக்குப் பயத்தோடு பயமாகக் கோபமும் வந்தது. மூன்றாவது தடவை தடி தூக்கினார். அது தரையைத் தொடுவதற்குள் இந்த மனுஷன் இங்கேயே விழுந்து செத்துவிடுவார் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது.

நான் குச்சியை எடுத்தேன். காகிதத்தில் எதுவும் இல்லாத இடத்தில், உலகம் கொண்டாடுகிற ஒரு கலைஞரின் தனி வாசிப்புக்கு நடுவில், நான்கு தட்டுத் தட்டினேன்.

கண்டக்டரின் முகம் என் பக்கம் திரும்பியது. அந்த முகத்தை நான் விவரிக்க வேண்டாம். அந்த அம்மாவின் வில் ஒரு நொடி பிசகியது. அத்தனை வருஷமாகப் பிசகாத வில் அது. நிறுத்திவிட்டு இறங்கிப் போகப்போகிறார் என்று எல்லோருமே நினைத்தோம். போகவில்லை, தொடர்ந்து வாசித்தார். நான் அதையெல்லாம் ஓரக்கண்ணால்தான் பார்த்தேன். அப்பா தூக்கிய தடியைக் கீழே இறக்கினார். நாற்காலியைக் கையால் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். அம்மாவின் கையில் இருந்த தண்ணீர்ப் பாட்டிலை வாங்கிக் குடித்தார். அதற்குப் பிறகு முரசு எத்தனையோ முறை வந்தது. ஒரு தடவைகூட அவர் தட்டவில்லை.

கச்சேரி முடிந்து மேடைக்குப் பின்னால் அந்த அம்மா என் அருகில் நின்றார். "அந்த இடத்தில் முரசு கிடையாது" என்றார். "தெரியும்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டுக் காருக்குப் போனார். கண்டக்டர் பேசவே இல்லை. அடுத்த வாரம், வரப்போகிற கச்சேரிகளுக்கு வேறு ஆள் ஏற்பாடு செய்திருப்பதாக ஒரு மெசேஜ் வந்தது. ரயிலில் அதைப் படித்துக் கொஞ்சம் அழுதேன்.

அன்றைக்கு ஹாலிலிருந்து வீட்டுக்கு நடந்துதான் போனோம். அம்மா பக்கத்து வீட்டு அத்தையோடு முன்னால் போய்விட்டாள். தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டுக்கு எதிரே உள்ள மதகில் அப்பா மூச்சு வாங்க உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன்.

"பயந்துட்டியா?"

"ஆமாம்பா."

"மேளம்னு எனக்குத் தெரியாதா? எனக்கின்னா பைத்தியமா? தெரிஞ்சிதான் இருந்துச்சு. கை கேக்கல. அது கூடப் பரவால்ல, நடுவுல நின்னு போச்சு பாரு."

"அங்க எனக்கு வேலை இல்லப்பா. அப்படித்தான் எழுதிக் கீது."

"எழுதுவான், எழுதுவான்" என்றார்.

இனிமேல் பயப்பட என்ன பாக்கி இருக்கிறது என்று தோன்றியது. கேட்டுவிட்டேன். "நீ உள்ள மாட்டினு இருந்தப்போ, வெளிய இருந்து பதில் வர்லியா?"

அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். "நான் எங்க உள்ள இருந்தன்? யார் சொன்னா? நான் இந்தாண்ட இருந்தன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே மெதுவாகச் சொன்னார். இரண்டு வார்த்தைக்கு ஒரு முறை மூச்சு வாங்கியது.

"எங்க கேங்குல நாலு பேரு உள்ள. நாலு தட்டு தட்னாங்க. நான்தான் மொதல்ல கேட்டன். திருப்பித் தட்னன். அவங்களும் தட்னாங்க. கல்ல எடுத்துக்கினே தட்றோம், எடுத்துக்கினே தட்றோம். அப்புறம் நின்னுபோச்சு. போதும் உடுடான்னு மேஸ்திரி சொல்றாரு. நான் உடல. கொழாயப் புடிச்சிகினு தட்டிகினே இருந்தன். மேல போற கேஜுல ஏத்துறதுக்கு நாலு பேரு என்னப் புடிச்சி இழுத்தாங்க."

கரண்டியை மடியில் ஒளித்துக்கொண்டு, அடுத்த சத்தம் வந்தால் அப்பா செத்துப்போவார் என்று நான் உட்கார்ந்திருந்ததைச் சொல்ல நினைத்தேன். அவர் காத்துக்கொண்டிருந்தது அந்த அடுத்த சத்தத்துக்குத்தான். எங்கள் வீட்டில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து, அவர்மேல் உள்ள பாசத்தில், அது வந்துவிடாமல் பார்த்துக்கொண்டோம். "அப்பா" என்று மட்டும் சொன்னேன்.

அவர் தடியை ஊன்றி எழுந்தார்.

"இத்தினி வருசத்துல இன்னிக்கிதான் திருப்பித் தட்டன சத்தம் கேட்டன்" என்றார். "அதான் உக்காந்தன்."